முதல் கிளிப் பூட்டிய ஃபிரேம் ரேட்: ஒரு கல்யாண வீடியோவின் நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் இருக்கும் கல்யாண ஸ்டுடியோவின் வேலை இது. இரண்டு நாள் நிகழ்ச்சி: முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும், மறுநாள் காலை முகூர்த்தம். முடித்துக் கொடுத்த வீடியோவைப் பெண் வீட்டார் ஏற்றுக்கொள்ளவில்லை. ஸ்டுடியோ உரிமையாளர் போனில் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, நம்ம கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது. அவங்க வீட்டு டிவில போட்டா கார் இழுத்து இழுத்துப் போகுது. மேளம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகுது. கேமராவையே மாத்தணுமாண்ணே?"

கேமராவில் ஒரு பழுதும் இல்லை. ஹார்டு டிஸ்க்கையும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்டையும் வாங்கிப் பார்த்து, புகார்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். ஊர்வலக் காட்சிகளில் அசைவு தடுக்கித் தடுக்கி வருகிறது. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை அரிசி கூழ்போலக் கலங்கித் தெரிகிறது. அதே இடத்தில் தவில் சத்தம் அடிக்குப் பிந்தி வருகிறது. சில ஷாட்டுகளில் மட்டும் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறிப்போயிருக்கிறது. ஸ்டுடியோவில் இவற்றை நான்கு தனித்தனிக் கோளாறாக எடுத்துக்கொண்டு, டிவி சரியில்லை, ரெண்டர் சரியில்லை, போன் சரியில்லை, லைட் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

முதல் இரண்டும் புராஜெக்ட் செட்டிங்ஸில் ஒரே கட்டத்தில் விழுந்த ஒரே எண்ணிலிருந்து வந்தவை. அடுத்த இரண்டும் ஃபுட்டேஜை, அதாவது எடுத்த வீடியோக்களை, உள்ளே எடுக்கும் முன் அது எப்படிப்பட்டது என்று பார்க்காமல் விட்டதால் வந்தவை. புராஜெக்ட் செட்டிங்ஸ் ஜன்னலில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றையும் வேலையின் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். டைம்லைன் ஃபிரேம் ரேட்டை, அதாவது கிளிப்களை அடுக்கும் டைம்லைன் நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனிப்படம்) காட்டும் என்ற எண்ணை, மட்டும் முடியாது. ஆகவே அதைத் தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் செலவிட்டே ஆக வேண்டும். அந்த நேரம் இங்கே செலவாகவில்லை.

கையில் இருந்த ஃபுட்டேஜ்

எல்லாக் கார்டுகளிலிருந்தும் ஒவ்வொரு கிளிப்பை எடுத்து மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்தோம். இலவச மென்பொருள்தான், ஒரு கிளிப்பின் ஃபிரேம் ரேட், நிற வெளி (எந்தெந்த நிறங்கள் வரை அடங்கும் என்ற எல்லை), பிட் ஆழம் (நிறச் சாயல்களின் நுணுக்கம்) எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடும். இரண்டு சோனி ஏ7 வரிசைக் கேமராக்கள் 4கே, நொடிக்கு 25 ஃபிரேம், எஸ்-லாக்3 (பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளிறலாகப் பதியும் சோனி முறை). அதில் ஒன்று கிம்பலில் (ஆட்டத்தைத் தாங்கும் பிடி) ஏறியபோது 50 ஃபிரேம். மணவறைக்கு நேரே முக்காலியில் நின்ற டிரடிஷனல் கேமரா 1080, அதுவும் 50 ஃபிரேம். ட்ரோன் 4கே, 29.97. மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் ஐபோனில் எடுத்த கிளிப்கள், பெயருக்கு 30 ஃபிரேம், எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வீச்சில் பதியும் முறை). மேளக்காரர்கள் பக்கத்தில் வைத்த தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி.

முடிந்த வீடியோவில் ட்ரோன் காட்சிகள் மிகக் குறைவு. மண்டப முகப்பு, ஊர்வலத்தின் மேலிருந்து ஒரு பார்வை, கோயில் கோபுரம், அவ்வளவே. போன் கிளிப்களைத் தவிர மீதி எல்லாம் 25, 50 குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் புராஜெக்டைத் திறந்ததும் செட்டிங்ஸின் முதல் பக்கமான மாஸ்டர் செட்டிங்ஸில் கண்ணில் பட்ட எண் 29.97.

அது எப்படி வந்தது என்பது எளிது. ரிசால்வில் புதிய புராஜெக்ட் திறந்தால், வேறு எதுவும் சொல்லாதவரை, 1920×1080, 24 ஃபிரேம் என்றே நிற்கும். சினிமாவுக்கு நிறம் திருத்தும் கருவியாக வளர்ந்த மென்பொருள் அது. பிளாக்மேஜிக் டிசைன் 2009-இல் டாவின்சி நிறுவனத்தை வாங்கிய பிறகுதான் படிப்படியாக முழு எடிட்டிங் மென்பொருளாக ஆனது. அந்த 24 சினிமாவின் மிச்சம். முதல் கிளிப்பை உள்ளே இழுத்துப் போடும்போது, கிளிப்பின் ஃபிரேம் ரேட்டும் புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டும் வேறாக இருந்தால் ஒரு பெட்டி எழும்பும்: புராஜெக்டை மாற்றவா, வேண்டாமா? முதல் நாள் சாயங்காலமே ட்ரோன் இயக்கியவர் தன் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டுடியோவின் எடிட்டர் தம்பி இருப்பதை ஏற்றி வைப்போம் என்று அதை முதலில் போட்டிருக்கிறார். பெட்டி எழும்பியது, மாற்று என்பதை அழுத்தினார். மென்பொருள் கேட்கிறது, சரி என்கிறோம். யாருக்கும் அதில் தவறு தெரியாது. அதன் பிறகு ஃபுட்டேஜ் நிறைந்து டைம்லைனும் போட்டாயிற்று என்றால் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும்.

ஃபைனல் கட் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளிலும் கிளிப் வைத்த புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடமாட்டார்கள். பிரீமியரில் முதல் கிளிப்பை சீக்வென்ஸில் (டைம்லைனுக்கு அங்கே பெயர்) போடும்போது, பொருந்தவில்லையே, சீக்வென்ஸை மாற்றவா என்று இதே கேள்வி வரும். மென்பொருள் மாறினாலும் முதல் கிளிப்புக்கு இருக்கும் இந்த அதிகாரம் மாறுவதில்லை. அதனால் முதல் கிளிப் எது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

25-ஐ 29.97-க்குள் அடைத்தால்

25 ஃபிரேமில் எடுத்த ஒரு நொடிக்கு 29.97 டைம்லைனில் கிட்டத்தட்ட 30 இடம் காத்திருக்கிறது. ஐந்து ஃபிரேமுக்கு ஆறு இடம். ஆறாவது இடத்தை நிரப்ப மென்பொருள் பக்கத்து ஃபிரேமையே இன்னொரு தடவை காட்டும். ஒவ்வொரு ஃபிரேமும் 33 மில்லிநொடி நிற்க, ஐந்தில் ஒன்று மட்டும் 67 மில்லிநொடி நிற்கும். நொடிக்கு ஐந்து முறை படம் ஒரு கணம் தடுக்கி நகரும்.

முகம் பார்த்துப் பேசும் காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. மாப்பிள்ளை அழைப்பில் தெரியும். பூ அலங்காரம் செய்த கார் நடை வேகத்தில் வருகிறது, இரண்டு பக்கமும் டியூப் லைட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடக்கிறார்கள், கேமரா பக்கவாட்டில் அவர்களோடு நகர்கிறது. இருட்டுப் பின்னணியில் செங்குத்தாக நிற்கும் அந்த வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றும் திரையைக் கடக்கும்போது தடுக்குவதைக் குழந்தைகூடக் காட்டிவிடும். எடிட்டிங் மேசையில் பார்த்த பிரிவியூ உள்ளங்கை அகல ஜன்னல், அதில் தப்பிவிட்டது. வீட்டில் 55 அங்குல டிவியில் அது தப்பவில்லை.

50 ஃபிரேம் கிளிப்களின் நிலை வேறு விதத்தில் மோசம். 25 டைம்லைனில் 50-ஐப் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக்கொள்ளும், கணக்கு சுத்தம். வேகத்தைப் பாதியாக்கினால் எல்லா ஃபிரேமும் பயன்பட்டு அழகான ஸ்லோ மோஷன் கிடைக்கும். 29.97-இல் போட்டால் ஒரு இடத்தில் ஒரு ஃபிரேம் நழுவும், அடுத்த இடத்தில் நழுவாது. மணவறைக்கு நேரே நின்ற கேமராவின் மூன்று மணி நேர ஃபுட்டேஜும் இப்படித்தான் ஓடியது.

ஏன் 29.97 என்று ஒரு எண் இருக்கிறது என்று எடிட்டர் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடிக்கொண்டிருந்தது. 1953-இல் வண்ணம் சேர்த்தபோது வண்ண சமிக்ஞையும் 4.5 மெகாஹெர்ட்ஸில் இருந்த ஒலி சமிக்ஞையும் ஒன்றோடொன்று உரசித் திரையில் கோலம் விழாமல் இருக்க, ஃபிரேம் ரேட்டை 1000/1001 பங்காகக் குறைத்தார்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் செய்த சமரசம் அது. இந்தியா அந்த வழிக்குப் போகவேயில்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு இங்கே வண்ண ஒளிபரப்பு வந்தபோது எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற ஐரோப்பிய ஒளிபரப்பு முறை, 25 ஃபிரேம். ஆனால் ட்ரோனும் போனும் உலகம் முழுவதற்கும் ஒரே பெட்டியில் வருகின்றன. பெட்டியிலிருந்து எடுத்தபடியே பறக்கவிட்டால் பல சமயம் 30 அல்லது 29.97-இல்தான் பதிவாகும். மெனுவுக்குள் 25 இருக்கும், நாம்தான் தேட வேண்டும்.

25 நமக்குப் பொருந்துவதற்கு ஒளிபரப்பு வரலாறு மட்டும் காரணமல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டும் விலை குறைந்த எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு அலையைப் பிடிக்கும், வெளிச்சம் சீராக இருக்கும். 25 ஃபிரேமுக்கு 1/50 தானாகவே வந்து பொருந்துகிறது. 30-இல் எடுப்பவர்கள் வழக்கப்படி 1/60 வைத்தால் மண்டபச் சுவரில் கருப்புப் பட்டைகள் ஊர்ந்து போவதைப் பார்ப்பார்கள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. இன்று கல்யாண வீடியோவை அதிகம் பார்ப்பது போனில். போன் திரைகள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸின் மடங்கில் ஓடுகின்றன. 25 ஃபிரேம் வீடியோ 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓடும்போது சில ஃபிரேம் 33 மில்லிநொடியும் சில 50 மில்லிநொடியும் நிற்கும். 30 ஃபிரேம் வீடியோ சீராக ஓடும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே எல்லாக் கேமராவையும் 30-இல் வைத்து, ஷட்டரை மட்டும் 1/50-இல் நிறுத்தி எடுத்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கட்சி என்னவென்றால், எந்த எண்ணில் அதிகம் எடுத்தீர்களோ அதே எண்ணில் எடிட் செய்யுங்கள். 25-இல் எடுத்துவிட்டு 29.97-ஆக மாற்றினால் தடுக்கல் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். அதன் பிறகு எந்தத் திரையாலும் அதை அழிக்க முடியாது.

ஆப்டிகல் ஃப்ளோ எடுத்த அவதாரம்

ஊர்வலம் தடுக்குகிறது என்று முதல் புகார் வந்ததும் ஸ்டுடியோவில் ஒரு வைத்தியம் செய்திருந்தார்கள். அதே மாஸ்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் கீழே ஃபிரேம் இன்டர்பொலேஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ரீடைம் பிராசஸ் வழக்கமாக நியரஸ்ட்டில் இருக்கும்; பக்கத்து ஃபிரேமை அப்படியே காட்டுவது அது. அதை ஆப்டிகல் ஃப்ளோவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆப்டிகல் ஃப்ளோ இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணித்து, இல்லாத ஃபிரேமைப் புதிதாக வரையும். ஊர்வலக் கார் ஓரளவு சீரானது. அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

கெட்டிமேளம் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். மணவறையைச் சுற்றிப் பல கைகள் ஒரே நேரத்தில் எழுந்து அட்சதை போடுகின்றன. மஞ்சள் தடவிய அரிசி, சின்னது, வேகமானது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதது. ஒரு ஃபிரேமில் இருந்த அரிசி அடுத்த ஃபிரேமில் எது என்று மென்பொருளால் அடையாளம் காண முடியவில்லை. ஒரு ஃபிரேமில் அரிசி அரிசியாக இருக்கிறது. அடுத்ததில் நீண்டு மஞ்சள் கீற்றாகிறது. அதற்கடுத்ததில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி அரிசியோடு சேர்ந்து ஒரு பக்கமாக வளைகிறது. பின்னால் சுற்றும் மின்விசிறியின் இறக்கைகள் நடுவில் ஒடிந்து நிற்கின்றன. ஓடும் வேகத்தில் பார்க்கும்போது இவை தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து கலங்கிய படமாகத் தெரியும். குடும்பத்தார் கூழ் என்று சொன்னது இதைத்தான்.

ஆப்டிகல் ஃப்ளோ கெட்ட கருவி அல்ல. ஒரே ஆள், தெளிவான பின்னணி, மெதுவான அசைவு என்றால் அழகாக வேலை செய்யும். அதை ஒரு கிளிப்புக்கு மட்டும் இன்ஸ்பெக்டரில் (தேர்ந்தெடுத்த கிளிப்பின் அமைப்புகள் இருக்கும் இடம்) போட வேண்டும். புராஜெக்ட் முழுவதற்கும் போட்டால் ஃபிரேம் ரேட் பொருந்தாத ஒவ்வொரு கிளிப்பும் அதன் வழியே போகும். இந்தப் புராஜெக்டில் ட்ரோனைத் தவிர எதுவுமே சரியாகப் பொருந்தவில்லை. ரெண்டர் நேரம் ஏன் அவ்வளவு நீண்டது என்பதற்கும் இதுதான் காரணம்.

புதிய புராஜெக்ட்

பூட்டிய ஃபிரேம் ரேட்டை விட்டு வெளியே வர வழிகள் உண்டு. இப்போதைய ரிசால்வ் பதிப்புகளில் அதே புராஜெக்டுக்குள் புது டைம்லைன் போடும்போது, புராஜெக்ட் செட்டிங்ஸைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிட்டு, அந்த டைம்லைனுக்கு மட்டும் 25 கொடுக்கலாம். அவசர வேலைக்கு இது போதும். ஆனால் புராஜெக்டின் அடிப்படை 29.97-ஆகவே இருக்கும், நாளை ரீல்ஸுக்கு ஒருவர் புது டைம்லைன் போட்டால் டிக்கை எடுக்க மறந்து மறுபடி அதே குழிக்குள் விழுவார். இன்னொரு வழி, பழைய டைம்லைனை, எடிட் விவரங்கள் அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுத்து 25 புராஜெக்டில் இறக்குவது. வெட்டுகள் வந்து சேரும். டைட்டில், ஃப்யூஷன் பக்கத்தில் செய்த எஃபெக்ட் வேலை, வேகம் ஏற்றி இறக்கிய இடங்கள் முழுசாக வந்து சேரும் என்று நம்பி இருக்க முடியாது. ஃபிரேம் கணக்கு மாறுவதால் ஒவ்வொரு வெட்டையும் திரும்பப் பார்க்கவும் வேண்டும்.

நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்: 25-இல் புது புராஜெக்ட், முதலிலிருந்து எடிட். கேட்க அதிகமாகத் தெரிந்தாலும் கல்யாண வேலையின் தன்மை அதற்கு இடம் கொடுத்தது. நீள வீடியோ பெரும்பாலும் மூன்று கேமராவை ஒலியால் இணைத்த மல்டிகேம். சடங்கு வரிசையிலேயே நேர்க்கோட்டில் போகிறது. அதைத் திரும்ப வெட்டுவது, பெயர்த்துக் கொண்டுவந்து பழுது பார்ப்பதைவிடக் குறைந்த வேலை. ஆறு நிமிட ஹைலைட்ஸை எப்படியும் பாட்டின் தாளத்துக்கு மறுபடி அடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வெட்டும் தாளத்தில் விழ வேண்டிய ஃபிரேம் மாறிவிட்டது. பழைய புராஜெக்டில் உருப்படியாக இருந்தது நிற வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் போட்ட கிரேடை (நிறத் திருத்தத்தை) ஸ்டில்லாகப் பிடித்து பவர்கிரேடு ஆல்பத்தில் வைத்தோம். அது அதே டேட்டாபேஸில் உள்ள எல்லாப் புராஜெக்டுக்கும் பொது என்பதால் புதியதில் அப்படியே எடுத்துப் போட முடிந்தது.

புது புராஜெக்டில் எதையும் இறக்குவதற்கு முன் 25-ஐக் கையாலேயே எழுதிவிட்டு, முதலில் டிரடிஷனல் கேமராவின் கார்டை ஏற்றினோம். 50 ஃபிரேம் என்பதால் அதே பெட்டி எழும்பியது. இந்த முறை பதில் 'மாற்றாதே'. இந்த ஒரு சொடுக்கை எடிட்டர் தம்பியையே அழுத்தச் சொன்னேன். அவருக்கு இனி யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ட்ரோன் கிளிப்களின் கணக்கு இப்போது தலைகீழானது. 29.97-ஐ 25-இல் போட்டால் ஆறில் ஒரு ஃபிரேம் விழும், தடுக்கும். அதற்கு கிளிப் ஆட்ரிபியூட்ஸில் (கிளிப்பின் பண்புகளை மாற்றும் ஜன்னல்) போய் அந்தக் கிளிப்பின் ஃபிரேம் ரேட்டையே 25 என்று சொல்லிவிட்டோம். ஒரு ஃபிரேமும் விழாது, வேகம் மட்டும் 83 சதவீதமாகும். ட்ரோன் காட்சிக்கு ஒலி தேவையில்லை. கோபுரத்தைச் சுற்றி வருவது கொஞ்சம் நிதானமானால் அழகுதான் கூடும்.

தாலி கட்டும் கிளிப்

சோனி கேமரா இரண்டும் இருந்தும் மாங்கல்ய தாரணத்தின் மிகச் சிறந்த கோணம் உறவினரின் ஐபோனில்தான் கிடைத்திருந்தது. அந்த நேரத்தில் கேமராவுக்கு முன்னால் உறவினர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். போன் வைத்திருந்தவர் மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே இருந்தார். முகூர்த்தத்துக்கு வெகு முன்பிருந்தே நிறுத்தாமல் ஓடிய கிளிப் அது. கிளிப்பின் தொடக்கத்தில் ஒலியும் படமும் கச்சிதம். கெட்டிமேளம் வரும்போது தவில் சத்தம் அடிக்குப் பின்னால் வருகிறது.

தவிலில் ஒத்திசைவைப் பார்ப்பது சுலபம். இடக்கைக் குச்சி தோலைத் தொடும் ஃபிரேம் கண்ணுக்குத் தெரியும், அந்த அடி அலைவடிவத்தில் கூர்முனையாகத் தெரியும். இரண்டும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். 25-இல் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி. ஒலி படத்துக்கு முந்தினால் 40, பிந்தினால் 60 மில்லிநொடிக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரை. இந்தக் கிளிப்பில் விலகல் அதைத் தாண்டிப் பல ஃபிரேம் போயிருந்தது. தவில் வாசிப்பவர் திரையில் இருக்கும்போது யாருக்குமே அது பொறுக்காது.

காரணம், போனின் ஃபிரேம் ரேட் நிலையானது அல்ல. மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருந்தது. கூடவே குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண். வெளிச்சம் குறைந்தால் ஐபோன் தானாகவே 24-க்கு இறங்கும் வசதி ஒன்று இருக்கிறது. ஆட்டோ எஃப்பிஎஸ் என்று கேமரா அமைப்பில் பார்க்கலாம். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் படம் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியை விட்டு விலகும். புராஜெக்டில் எந்தக் கட்டத்தைத் திருகினாலும் இது தீராது. உள்ளே எடுப்பதற்கு முன்பே சீராக்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, ஃபிரேம் ரேட் 30, கான்ஸ்டன்ட் என்று வைத்து மாற்றினோம். இங்கே 25 என்று வைக்கத் தோன்றும், வேண்டாம். எந்த ஃபிரேமைக் கைவிடுவது என்ற முடிவை ஹேண்ட்பிரேக்கிடம் விடாமல் டைம்லைனில் நாமே வைத்துக்கொள்வது நல்லது. கோடெக்கும் (வீடியோவைச் சுருக்கும் முறை) முக்கியம். எச்டிஆர் கிளிப் என்பதால் எச்.265 10-பிட் தேர்ந்தெடுத்தோம். 8-பிட்டில் எடுத்திருந்தால் நிறத் திருத்தம் செய்யும்போது பட்டுப்புடவையின் மேல் நிறம் படிக்கட்டுபோலப் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். நீள வீடியோவில் அந்த இடம் நிஜ வேகத்தில், நியரஸ்ட்டில். கைகளின் அசைவு சிறியது, ஆறில் ஒரு ஃபிரேம் போனது தெரியவில்லை. ஒலிக்கு ரெக்கார்டரில் பதிந்த மேளத்தையே கீழே வைத்தோம். ஹைலைட்ஸில் அதே கிளிப்பை 25 என்று சொல்லி 83 சதவீத வேகத்தில் வைத்தோம்.

ரெக்கார்டர் ஒலியிலும் ஒரு சின்ன விஷயம். அதன் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் ஒன்றல்ல. மணிக்கணக்கில் ஓடினால் ஒன்றிரண்டு ஃபிரேம் விலகும். சடங்குக்குச் சடங்கு ஒலியை வெட்டித் திரும்பப் பொருத்தினால் தீர்ந்தது.

நிறம்

வெளிறிய சிவப்பும் அதே போனிலிருந்துதான். ஐபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ பெட்டியிலிருந்து வரும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். ரெக்.2020 நிற வெளி, எச்எல்ஜி வளைவு (எச்டிஆரின் வெளிச்சக் கணக்கு). அதை சாதாரண டிவிக்கான ரெக்.709 டைம்லைனில் அப்படியே போட்டால் நிறங்கள் சுருங்கித் தெரியும். அரக்குச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது, சரிகை மஞ்சளாகாமல் சாம்பலாகிறது. பழைய புராஜெக்டில் இதைச் சரிக்கட்ட சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றியிருந்தார்கள். முகங்கள் எல்லாம் ஆரஞ்சு.

புராஜெக்ட் செட்டிங்ஸின் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கலர் மேனேஜ்டு என்று மாற்றினால் ஒவ்வொரு கிளிப்புக்கும் உரிய நிற வெளியைச் சொல்லிவிட்டு மீதியை மென்பொருளிடம் விடலாம். இந்த வேலையில் அதைச் செய்யவில்லை. சோனி கிளிப்களுக்கான கிரேடுகள் பழைய முறையில் போட்டவை. அடிப்படையை மாற்றினால் அத்தனையும் கவிழும். இந்தக் கட்டம் பூட்டிக்கொள்வதில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் கிரேடிங் பாதி நடந்தபின் மாற்றுவது பூட்டை உடைப்பதற்குச் சமம். அதனால் போன் கிளிப்களுக்கு மட்டும் முதல் நோடில் (நிறத் திருத்தத்தின் முதல் படியில்) கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற நிற வெளி மாற்றியை வைத்து, ரெக்.2020, எச்எல்ஜியிலிருந்து ரெக்.709, காமா 2.4-க்குக் கொண்டுவந்தோம். சிவப்பு திரும்பியது. சோனி ஷாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பொருந்தியது. ஸ்டுடியோவின் அடுத்த கல்யாணம் முதல் நாளிலிருந்தே கலர் மேனேஜ்டில் தொடங்கும்.

மற்ற கட்டங்கள்

ரெசல்யூஷனைப் பற்றி ஸ்டுடியோவில் நிறையக் கவலைப்பட்டார்கள், அவ்வளவு தேவையில்லை. ரிசால்வில் டைம்லைன் ரெசல்யூஷனை எப்போது மாற்றினாலும் அளவும் இடமும் அதற்கேற்ப நகரும். 4கே ஃபுட்டேஜை 1080 டைம்லைனில் லேசாக எடிட் செய்துவிட்டு, கடைசியில் 3840×2160-க்கு ஏற்றி ரெண்டர் எடுக்கலாம். ஆடியோ சாம்பிள் ரேட் 48000; தொட வேண்டாம். ஒர்க்கிங் ஃபோல்டர்ஸில் கேஷ் கோப்புகளின் (மென்பொருள் தற்காலிகமாக எழுதிவைப்பவை) இடத்தை மட்டும் மாற்றினோம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலில் இருக்கும் இடத்துக்கு அது போகும். இங்கே சி டிரைவுக்குப் போய் அதை நிரப்பி வைத்திருந்தது. தனி எஸ்எஸ்டிக்கு மாற்றியதும் பிளேபேக்கும் சீரானது.

இவ்வளவையும் பிரீசெட்டாகச் சேமித்து, புதிய புராஜெக்டுக்கு அதுவே டிஃபால்ட் என்று வைத்தாயிற்று. சேமித்தால் மட்டும் போதாது. டிஃபால்ட்டாக வைக்காவிட்டால் புதிய புராஜெக்ட் பழைய 24-இலேயே திறக்கும். ட்ரோன் இயக்குபவரிடமும் மெனுவில் 25 வைக்கச் சொல்லிவிட்டார்கள். சோனி கேமராக்கள் பால் முறையில் இருக்கின்றனவா என்று கார்டு போடும்போதே பார்ப்பதாகவும் பேச்சு. அவற்றில் 25-உம் 50-உம் பால் பக்கத்தில்தான் கிடைக்கும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி பக்கம் போனால் 24, 30, 60.

கடைசியில் பென் டிரைவ். முன்பு கொடுத்ததில் நீள வீடியோ ஏறவேயில்லை என்று ஒரு புகாரும் இருந்தது. சிறிய விஷயம் என்று நினைத்து அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஃபேட்32 முறையில் இருக்கும் பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 1080, நொடிக்கு 12 மெகாபிட் என்றால் ஏறக்குறைய 47 நிமிடத்தில் அது நிறைந்துவிடும். அந்த 4 ஜிபி எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் கொடுக்கலாம், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிப்பதில்லை. ஆகவே ஃபேட்32-லேயே சடங்கு வாரியாகப் பிரித்தோம்: அழைப்பு, வரவேற்பு, நிச்சயம், முகூர்த்தம், மறுவீடு. ஒவ்வொன்றும் 40 நிமிடத்துக்குள் நின்றது. பெரியவர்களுக்கு முகூர்த்தத்தை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்க்கவும் அது வசதி.

ஊர்வலத்தை மேலிருந்து காட்டும் ட்ரோன் ஷாட் ஒன்று மட்டும் முழுசாகச் சரியாகவில்லை. கீழே நடப்பவர்களின் நடையும் மேளத்தின் தாளமும் சேர்ந்து தெரியும் ஷாட் அது. 83 சதவீதத்துக்கு இறக்கினால் நடை தாளத்தை விட்டுப் போகிறது, நிஜ வேகத்தில் விட்டால் கேமரா திரும்பும் இடத்தில் தடுக்குகிறது. கேமரா திரும்பத் தொடங்கும் முன்பே வெட்டி, மீதியை விட்டுவிட்டோம்.